பல்லுக்கொழுக்கட்டைத் தட்டில் ஒரு விமானியின் மணிக்கூடு

மணிக்கூட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன ஓட்டை முன்பே இருந்ததா, அல்லது என் மகளின் வாய்க்குள் உண்டானதா?

ரொறன்ரோவில் இருந்து திரும்பி வந்த பிறகும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது. எங்கள் தமிழ்ப் பள்ளியின் இணைய இதழுக்குப் பயணக் கட்டுரை ஒன்று கேட்டபோது, நயாகராவையும் மட்டன் றோல்ஸையும் பற்றி எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் ஓம் என்றேன். எங்கே தொடங்கினாலும் அந்த ஓட்டைக்குள்ளேயே போய் விழுகிறேன். ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் சுவிஸில், பீல் நகரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இங்கேயே பாடசாலை முடித்து, இங்கேயே அந்தத் தொழிலைப் படித்தவள். முகப்பில் முட்களைப் பொருத்துவதும், பொருத்தியவை ஒன்றில் ஒன்று உரசாமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பதும் என் வேலை. எங்கள் நிறுவனம் ஒரு காலத்தில் விமானங்களின் முன்பலகைக்குக் கடிகாரம் செய்தது. விமானிகளின் கைக்கும் செய்தது. சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பழையவை இருக்கின்றன. கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம். தடித்த கையுறை போட்ட விரலும் திருகக்கூடிய பெரிய திருகு. குலுங்குகிற விமானத்தில், இருட்டில், ஒரே பார்வையில் நேரம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அந்த வடிவத்தின் நோக்கம். விமானியின் கடிகாரம் எனக்குப் புதுச் சாமான் இல்லை. அதனால்தான் என்னை நானே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயணத்துக்குக் காரணம் பல். மகள் ஆதினிக்குக் கீழே இரண்டு பல் முளைத்தது. ஸ்காபரோவில் இருக்கும் மாமிக்கு, அதாவது என் கணவர் சுதனின் அம்மாவுக்கு, முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்ததால் பறக்க முடியாது. "பல்லுக்கொழுக்கட்டை இஞ்சதான் கொட்டவேணும். பேத்தியை நான் இன்னும் கையில தூக்கேல்லை" என்று போனில் சொன்னார். சுதனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆதினியும் நானும் மட்டும் போனோம். தனியாகப் பிள்ளையோடு போகலாமா என்று போகும்வரை யோசித்தேன். போகாவிட்டால் மாமி என்ன நினைப்பார் என்றும் யோசித்தேன். இரண்டாவது யோசனை வென்றது.

ரொறன்ரோவில் இறங்கியதும் ஆதினியின் தள்ளுவண்டி வரவில்லை. எல்லாருடைய பெட்டியும் சுற்றிச் சுற்றிப் போய் முடிந்தது. கடைசியாக ஒரு ஹொக்கி மட்டை மட்டும் தனியே சுற்றியது. நாங்கள் இடையில் விமானம் மாறிய நிலையத்திலேயே வண்டி நின்றுவிட்டதாக மேசையில் இருந்த பெண் சொன்னார். "இரண்டு நாளில் வரும், அல்லது வராது" என்றார், மிகவும் அன்பாக. சுவிஸில் இப்படி ஒருவர் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார். ஆனால் வண்டி வந்திருக்கும்.

வெளியே சின்ன மாமா நின்றார். அவர் சுதனின் சித்தப்பா, அஜக்ஸில் இருக்கிறார். அதே விமான நிலையத்தில் பல வருடங்களாக விமானங்களின் உள்ளே துப்புரவு செய்பவர். பயணிகள் இறங்கி அடுத்தவர்கள் ஏறுவதற்கு இடையில் உள்ள கொஞ்ச நேரம்தான் அவருக்கு விமானம் சொந்தம். கார் நெடுஞ்சாலையில் ஏறும்வரை தலையை வெளியே நீட்டி, மேலே இறங்கிக்கொண்டிருந்த விமானங்களைப் பெயர் சொல்லிக் காட்டினார்.

"உது இரவு திரும்பிப் போயிடும் பிள்ளை. உதின்ரை கடைசி வரிசை சீற்றுக்குக் கீழதான் சனம் எல்லாக் குப்பையும் போடும்."

"மாமா, றோட்டைப் பாருங்கோ."

"நான் றோட்டைப் பாக்கிறன். நீர் மேல பாரும். பிள்ளைக்குக் காட்டும்."

பிறகு, தன்னிடம் ஒரு பழைய சாமான் இருப்பதாகவும், அதை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருவதாகவும் சொன்னார். "நீர் சுவிஸில உதுகளோடதானே வேலை. பாத்தா விளங்கும்." கடிகாரம் ஏதோ திருத்தத் தரப் போகிறார் என்று நினைத்தேன். சுவிஸில் இருந்து போகிற எல்லாருக்கும் இது நடக்கும். சொக்லேற் கொண்டு போவோம். நின்றுபோன மணிக்கூடுகளோடு திரும்புவோம். ஓம் மாமா, பார்க்கிறேன் என்றேன். என்ன கடிகாரம் என்று கேட்கவில்லை. ஆதினி அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மாமி எனக்குச் சோறு போட்டார், பிறகு புட்டு, பிறகு தமிழ்க்கடைகள் உள்ள பிளாஸாவில் இருந்து வந்த றோல்ஸ். ஸ்காபரோவில் இடியப்பத்தைப் பாசல் பாசலாக வாங்குகிறார்கள். பீலில் எங்களுக்கு இருப்பது ஒரு தமிழ்க்கடை. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. மரவள்ளிக்கிழங்கு வந்தால் ஒருவருக்கொருவர் போன் எடுத்துச் சொல்வோம். ஸ்காபரோக் கடையில் மரவள்ளிக்கிழங்கு மலைபோல் குவிந்திருக்க, பக்கத்தில் நின்ற பெண் அதை நகத்தால் கீறிப் பார்த்து, "உது மூண்டு நாள் பழசு" என்று கடைக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் போகும்போது ஒரு ஜமைக்கா அம்மா, யாரென்றே தெரியாதவர், என்னிடம், "குழந்தையின் காதை மூடு, காற்று உள்ளே போகிறது" என்றார். மூடினேன். இரண்டு நிறுத்தம் தாண்டி ஏறிய ஒரு தமிழ் அன்ரி, "ஏன் பிள்ளை இந்த வெக்கைக்குள்ள தொப்பி?" என்றார். கழற்றினேன். பீலில் என் பிள்ளை தலைகீழாகத் தொங்கினாலும் பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அங்கே நான் தனியே பயப்படுவேன். ரொறன்ரோவில் எல்லாரும் சேர்ந்து பயப்பட்டார்கள். எது நல்லது என்று அன்றைக்கு முடிவெடுக்க முடியவில்லை.

சனிக்கிழமை சின்ன மாமா வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். நான் ரெயினில் வருகிறேன் என்று பெருமையாகச் சொல்லி, பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய், எதிர்த்திசை ரெயினில் ஏறிவிட்டேன். ஏரி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யோசிக்கும்போதே நகரத்தின் கோபுரம் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு பெடியன் காதில் இருந்ததைக் கழற்றி, "அக்கா, அஜக்ஸ் அந்தப் பக்கம். யு ஆர் கோயிங் டவுன்டவுன்" என்றான். திரும்பி அஜக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது சோறு ஆறிவிட்டது. சின்ன மாமாவுக்கு அது பெரிய சந்தோஷம். அன்று வந்த ஒவ்வொரு போனுக்கும், "சுவிஸ்காரி ரெயின் பிழைச்சு ஏறினவவாம். சுவிஸ்காரி!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியின் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே உள்ள விருந்து மண்டபத்தில் பல்லுக்கொழுக்கட்டை நடந்தது. இந்தியாவில் இருந்து வந்து சுவிஸில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். முதல் பல் வந்த பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்குமேல் வெள்ளைத்துணி பிடித்து, கொழுக்கட்டையும் தேங்காய்ச் சொட்டும் கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, தங்கச் சங்கிலி என்று வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ, அதுதான் அதன் வருங்காலம். எடுத்ததை உடனே பறிக்கக்கூடாது. எல்லாரும் பார்த்து, படம் எடுத்து, அது தானாகக் கைவிடும்வரை விட வேண்டும். பறித்தால் பிள்ளையின் அதிஷ்டத்தைப் பறித்தது போலாகும் என்று மாமி முதல் நாளே சொல்லியிருந்தார்.

தட்டில் என்னென்ன வைப்பது என்று எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. யாரோ விளையாட்டு ஸ்ரெதஸ்கோப் வைத்தார்கள். "டொக்டருக்குத்தான் இடிச்சுத் தள்ளுவினம், லோயருக்கும் ஒண்டு வையுங்கோ" என்று ஒருவர் கத்தினார். நான் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டு இருந்தபோது சின்ன மாமா வந்து ஏதோ ஒன்றை வைத்தார். நான் துணிக்கு மறுபக்கம் இருந்தேன்.

கொழுக்கட்டை கொட்டியதும் ஆதினி ஒரு நிமிடம் அழுவதா என்று யோசித்தாள். பிறகு தவழ்ந்தாள். புத்தகத்தைக் கையால் தள்ளினாள். சங்கிலியைப் பார்க்கவே இல்லை. தட்டின் நடுவில் இருந்து, தன் கைக்கு அடங்காத ஒரு கறுப்பு மணிக்கூட்டை எடுத்தாள்.

மண்டபம் கை தட்டியது. "பைலற்! பைலற்!" என்று சின்ன மாமா துள்ளினார். "நான் தேடித் தேடி வாங்கினது. சுவிஸ் மணிக்கூடு. அந்தக் காலத்துப் பைலற்மார் கட்டினது."

துணிக்கு மேலால் அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு முகப்பு. முக்கோணம். பெரிய திருகு. எண்கள் வெள்ளையாக இல்லை. எரிந்த சீனியின் நிறம். அந்த நிறத்தைப் பார்த்தால் எங்கள் தொழிற்சாலையில் கடிகாரத்தைத் திறக்கமாட்டோம். பின்னால் ஒரு தனி அறை இருக்கிறது, அங்கே கொடுத்துவிடுவோம். அந்தக் காலத்தில் இரவில் ஒளிர்வதற்காக எண்களில் பூசியது ரேடியம் கலந்த பூச்சு. படிக்கும் காலத்தில் எங்களுக்கு ஒரு பாடம் அதைப் பற்றியே இருந்தது. அந்தப் பூச்சைப் பூசிய பெண்கள் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பிறகு அவர்களின் தாடை எலும்புகளுக்கு என்ன நடந்தது என்று ஆசிரியர் சொன்னார். பாடம் முடிந்து நான் கையை இரண்டு தரம் கழுவியது நினைவிருக்கிறது.

ஆதினி அதை வாயில் வைத்தாள். பல் வரும் பிள்ளை வேறு எங்கே வைக்கும்?

நான் எழுந்தேன். மாமி என் கையைப் பிடித்தார்.

"விடும் பிள்ளை. எடுத்தது எடுத்ததுதான்."

"மாமி, அது..."

"படம் எடுக்கட்டும். ஒண்டும் செய்யாது."

சுதனின் அக்காவின் மகள் ஜெனிஷா போனோடு பாயில் படுத்தே விட்டாள். "அன்ரி, மூவ் பண்ணாதீங்கோ, ஷாடோ விழுது. ஜஸ்ற் வண் மோர்."

நான் நின்றேன். இதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எனக்குத் தெரியும், ஆனாலும் நின்றேன். மண்டபம் நிறைய மூத்தவர்கள். என் கையில் மாமியின் கை. நான் பிழையாகப் பார்த்திருக்கலாம், பிற்காலத்தில் அந்த நிறத்தைச் சும்மா பூசுவதும் உண்டு என்று ஒரு குரல் எனக்குள் சொன்னது. அது பொறுமையின் குரல் போலவே இருந்தது. ஜெனிஷா இன்னொரு படம் எடுத்தாள். பிறகு நான் போய், ஆதினியின் வாயில் இருந்து மணிக்கூட்டை இழுத்து எடுத்தேன்.

அவள் வீரிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடும்போது பின்னால் ஒருவர், "சுவிஸ்காரிக்கு எங்கடை மணிக்கூடு பிடிக்கேல்லையாம்" என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள்.

வாயைத் துடைத்தேன், கையைக் கழுவினேன், திரும்பவும் துடைத்தேன். நனைந்த பட்டுச்சட்டையையும் கழுத்தில் கட்டியிருந்த எச்சில் துணியையும் மாமி வாங்கிக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டை சிப் வைத்த ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டேன். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. பழைய பிளாஸ்ரிக் கண்ணாடி. நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில், அரை அரிசி அளவுக்குத் துண்டு இல்லை.

சின்ன மாமாதான் காரை ஓட்டினார். 401 நெடுஞ்சாலை அசையாமல் நின்றது. அவர் விமானம் ஒன்றையும் காட்டவில்லை.

அவசரப் பிரிவில் தாதி கேட்டார்: "குழந்தை எதை விழுங்கியது?"

"விழுங்கியதா என்று தெரியாது."

"சரி. விழுங்கியிருந்தால் எதை?"

"ரேடியம்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத் தொழிலில் இருப்பதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் வேறொருவரைக் கூட்டி வந்தார். காத்திருந்த கூட்டத்தில் காலில் ஐஸ் பையோடு இருந்த ஒருவர், எங்களை முதலில் உள்ளே கூப்பிட்டதைப் பார்த்து முணுமுணுத்தார். அந்த நேரத்தில் என் பயத்துக்குப் பதிலாக அவருடைய கால் நோவைத் தந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

ஒரு இளம் மருத்துவர் வந்தார். பிறகு, கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். ஆதினியின் விரல்களுக்குமேல், உதட்டுக்குமேல், வயிற்றுக்குமேல் மெதுவாகப் பிடித்தார். அது இடைக்கிடை ஒரு சொட்டுத் தண்ணீர் விழுவதுபோல் சத்தம் போட்டது. இந்த அறையில் சும்மா வைத்தாலும் இப்படித்தான் அடிக்கும் என்றார். ஆதினி அந்தக் கருவியைப் பிடிக்கக் கையை நீட்டிச் சிரித்தாள். அவர் பிறகு சிப் பைக்கு அருகே கொண்டுபோனார். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் கேட்டது.

சின்ன மாமா கதிரையில் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை.

"நான் பாத்தனான் பிள்ளை" என்றார். "பழசுகளில நஞ்சு இருக்கும், இருட்டில மினுங்கும் எண்டு வாசிச்சனான். அதான் ராத்திரி போர்வைக்குள்ள வைச்சுப் பாத்தனான். கனநேரம் பாத்தனான். ஒரு சொட்டு வெளிச்சமும் வரேல்லை. உவளுக்கு எண்டு டெற்றோல் போட்டுத் துடைச்சும் வைச்சனான்."

ஒளிரும் பொருள்தான் செத்துப்போகும், ரேடியம் நூற்றாண்டுகள் தாண்டியும் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கருவி வைத்திருந்தவர் ஆங்கிலத்தில் அதையே சொன்னார், மிகத் தெளிவாக.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: "அவள் போட்டிருந்த உடுப்பு எங்கே? எச்சில் துணியில் ஏதாவது இருந்தால், வாயில் என்ன போனது என்று கொஞ்சம் ஊகிக்கலாம்."

மாமிக்குப் போன் எடுத்தேன்.

"அந்தத் துணியோ? பால் மணம் அடிச்சுது. எல்லாத்தோடயும் சேத்துத் தோய்ச்சுப் போட்டன்" என்றார்.

மருத்துவர் பொறுமையானவர். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை என்றார். மிகச் சிறு துகள் உள்ளே போயிருந்தால் இந்தக் கருவிக்குத் தெரியாமலும் போகலாம். போயிருந்தாலும் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். பெரும்பாலும். அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் பீலில் என்னோடு வேலை செய்யும் எலியானுக்குப் போன் எடுத்தேன். அந்தத் தனி அறையில் வேலை செய்பவர் அவர். "கண்ணாடி முழுதாக இருந்ததென்றால் நீ தூங்கலாம்" என்றார். "ஓட்டை பழையதென்றாலும் ஓரளவுக்குத் தூங்கலாம். அவள் வாயில் உடைந்ததென்றால், துண்டோடு பூச்சும் வந்திருக்கலாம். எது?"

எது என்று தேடினேன். சின்ன மாமாவுக்குக் கீறல் நினைவிருந்தது, ஓட்டை நினைவில்லை. மண்டபத்தைக் கூட்டி அள்ளிய குப்பை ஏற்கெனவே கட்டடத்தின் மற்றக் குப்பையோடு கலந்துவிட்டது. ஜெனிஷா படங்கள் எல்லாவற்றையும் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் ஆதினியின் பெருவிரல் அந்த இடத்தை மூடியிருந்தது. இன்னொன்றில் உதடு. தட்டில் இருந்தபோது எடுத்த ஒரே படத்தில், மண்டபத்தின் விளக்கு சரியாக நான்காம் எண்ணில் பட்டு வெள்ளையாக வெடித்திருந்தது. மிக அழகான படங்கள். உறவுகள் எல்லாரும் அவற்றைப் பகிர்ந்து, கீழே "எங்கள் குட்டி விமானி" என்று எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை எங்களை நயாகராவுக்குக் கூட்டிப் போனார்கள். போகாவிட்டால் நான் இன்னும் கோபத்தில் இருக்கிறேன் என்று ஆகும். ஆகவே போனேன். தண்ணீர் விழுந்தது. எல்லாரும் நனைந்தார்கள், சோளப்பொத்தி சாப்பிட்டார்கள். நான் கழிப்பறையில் ஆதினிக்குக் கழற்றிய நப்பியை வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்து, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தொட்டியில் கை கழுவிய ஒரு சீனப் பெண் என்னைப் பார்த்து, தலையை ஆட்டி, "முதல் பிள்ளையா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "இரண்டாவதுக்குப் பார்க்கமாட்டாய்" என்றார்.

அந்த நாட்களில் மாமி என்னோடு சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார். இன்னும் கொஞ்சம் போடவோ, உறைப்புக் கூடவோ. சபைக்கு முன்னால் பிள்ளையின் கையில் இருந்து பறித்தது அவருக்கு ஆறவில்லை என்று நினைத்தேன். ஒரு மாலை சின்ன மாமா வந்து, மணிக்கூட்டை ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டு மூடி, அஜக்ஸில் கராஜின் மேல்தட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். அதை எங்கே கொடுப்பது என்று நகரசபையிடம் விசாரிக்கிறாராம். வாசலிலேயே நின்றார். பிள்ளையைத் தூக்கச் சொன்னேன். "இல்லைப் பிள்ளை, வேலையால வாறன், கை ஊத்தை" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அன்று வேலைக்குப் போகவில்லை என்று ஜெனிஷா பிறகு சொன்னாள்.

புறப்படும் நாளில் தள்ளுவண்டி வந்து சேர்ந்தது. ஒரு சக்கரம் இல்லை. மாமி என் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பைகளை வைத்து, சுற்றிச் சுற்றிப் பிளாஸ்ரர் நாடா ஒட்டினார். ஒட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நான்தானே விடும் எண்டனான்" என்றார். இல்லை மாமி என்பதா, ஓம் மாமி என்பதா? கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது பீலில் இருக்கிறோம். ஆதினியைப் பார்க்கும் குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விரும்பினால் ஒரு சோதனை செய்யலாம் என்றார். ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். இந்த வயதில் அதற்குப் பை ஒட்ட வேண்டும், தோல் சிவக்கும், ஒரே தரத்தில் சரிவராது. ஒன்றும் இல்லை என்று வந்தாலும், ஒன்றுமே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏதாவது இருக்கிறது என்று வந்தால், அவ்வளவு சிறிய அளவுக்கு மருந்து கொடுப்பதில்லை, கவனித்துக்கொண்டிருப்பதுதான். "முடிவு உங்களுடையது. ஆனால் கனநாள் தள்ளிப்போட்டால் சோதிப்பதில் பயன் குறையும்" என்றார்.

சுதன் வேண்டாம் என்கிறார். "அவள் சிரிக்கிறாள், சாப்பிடுறாள், நித்திரை கொள்ளுறாள். பேப்பரில ஒரு நம்பர் வந்தா நீர்தான் நித்திரை கொள்ளமாட்டீர்."

"இப்ப மட்டும் கொள்ளுறனோ?"

"அப்ப செய்வம்."

"நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள்."

இப்படியே தினமும் பேசுகிறோம். தானாக இருந்தால் செய்வேன் என்று எலியான் சொன்னார். அவருக்குப் பிள்ளை இல்லை. மாமியிடம் சும்மாதான் சொன்னேன். அவர் அது ஒன்றும் தேவையில்லை என்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "செய்யும்" என்றார். "செய்து, என்ன வந்தாலும் முதல் எனக்குச் சொல்லும். தம்பிக்குச் சொல்லாதையும். அவன் தாங்கமாட்டான்." தம்பி என்றது சின்ன மாமாவை. மாமியின் கொழுந்தன் அவர். எங்களுக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். பிள்ளை சாப்பிட்டவளோ, தவழுறாளோ என்று கேட்பார். வேறு ஒன்றும் கேட்கமாட்டார். நான் சோதனை செய்தால் அவருக்குப் பொய் சொல்ல வேண்டிவரும். செய்யாவிட்டால் எனக்கே பொய் சொல்லிக்கொள்ள வேண்டிவரும்.

இதை எழுதும்போது ஆதினி மேசையைப் பிடித்து எழும்பி நிற்கிறாள். மேல் பல் ஒன்று வருகிறது. எட்டியதையெல்லாம் வாயில் வைக்கிறாள். நான் எட்டியதையெல்லாம் அகற்றுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் பிள்ளை வளர்த்தவர்கள். தயவுசெய்து பயப்பட வேண்டாம் என்று எழுதாதீர்கள். அதைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கிறார். உங்கள் பிள்ளையைப் பற்றியும் எப்போதாவது ஒரு மருத்துவர் "பெரும்பாலும் ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால், நீங்கள் சோதித்துப் பார்த்தீர்களா, விட்டுவிட்டீர்களா? அதன்பிறகு அந்தப் பிள்ளையை எப்படித் தூக்கினீர்கள், முன்பு போலவா? அதை மட்டும் எழுதுங்கள். மருத்துவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.